விடிகாலையில் மக்கர் செய்யும் டீசல் பிக்கப்



மார்கழி, தை மாதங்களில் நீலகிரியில் புல்லின் மேல் உறைபனி படிந்திருக்கும். கேத்தியிலும் கோத்தகிரியிலும் காய்கறி மூட்டை ஏற்றிய பிக்கப் வண்டிகள் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கியாக வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் பழைய டீசல் வண்டி மக்கர் செய்யும். அதனாலேயே மலையில் பலர் ராத்திரியே வண்டியை இறக்கம் பார்த்து நிறுத்திவிடுவார்கள். காலையில் பிரேக்கை விட்டு, இரண்டாம் கியரில் உருட்டி, கிளட்சை எடுத்தால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால், பேட்டரி போய்விட்டதா, டீசல் லைனில் காற்று நுழைகிறதா, ஹீட்டர் பிளக் வேலை செய்யவில்லையா என்பதை இந்தப் பழக்கம் மாதக்கணக்கில் மறைத்து வைத்துவிடும். பிறகு ஒருநாள் சமதளத்தில், முழு லோடோடு வண்டி நிற்கும். அவசரத்தில் முதலில் கழற்றப்படுவது டீசல் பம்ப். செலவு கூடிய வேலை அது. பல வண்டிகளில் பம்ப்மீது குற்றமே இருக்காது.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக பிஸ்டன் நசுக்கும்போது, அந்தக் காற்று 500 டிகிரி செல்சியஸையும் தாண்டிச் சூடேறுகிறது. அதில் நாசில் வழியாகப் பீய்ச்சப்படும் டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. ஆகவே வேண்டியவை மூன்றுதான்: போதிய வேகத்தில் இன்ஜின் சுற்ற வேண்டும், டீசல் வந்து சேர வேண்டும், சூடு வேண்டும். இதில் எது குறைகிறது என்று கண்டுபிடிக்க ஸ்பேனர் எதுவும் தேவையில்லை. ஒருவர் சாவியைத் திருப்பட்டும், இன்னொருவர் பின்னால் போய் சைலன்சரைப் பார்க்கட்டும். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் புகையே வரவில்லை என்றால் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்து, கண்ணெரியும் டீசல் வாடை அடித்தால், டீசல் போகிறது, எரியவில்லை. இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாமல் பானெட்டைத் திறக்கும் ஆளிடம் வண்டியை விட எனக்கு மனம் வராது.

செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றினால் மற்றதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு மின்சாரத்தைப் பாருங்கள். நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி மேல் சந்தேகப்படலாம். விழவில்லை, ஆனாலும் சுற்று மந்தம் என்றால் கேபிளும் எர்த்தும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலிலும், மறுமுனையை இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டையோ அதன் போல்ட்டோ துருப்பிடித்திருக்கிறது. பழைய வண்டியில் இது சர்வசாதாரணம். உப்புத்தாள் தேய்த்தால் தீரும் இந்தக் கோளாறுக்கு செல்ஃப் மோட்டாரையே மாற்றியவர்கள் உண்டு.

புகை வராத வண்டிக்கு வருவோம். சாவியை ஆன் செய்ததும் டீசல் பம்ப் பக்கம் "டக்" என்று ஒரு சத்தம் கேட்கிறதா? ரோட்டரி பம்பில் டீசலைத் திறந்து மூடும் சொலினாய்டின் சத்தம் அது. கேட்கவில்லை என்றால் அதற்குக் கரன்ட் வரும் ஒயரைப் பாருங்கள். ஸ்டாப்பர் கேபிளை இழுத்து நிறுத்தும் வண்டி என்றால், கேபிள் முழுதாகத் திரும்பி உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள்.

இதெல்லாம் சரி, ஆனாலும் ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் நெடுநேரம் சுற்றி, திணறித் திணறிப் பிடிக்கிறது; அதற்குப் பிறகு நாள் முழுக்க அரைச் சாவியில் ஸ்டார்ட் ஆகிறது என்றால் அது ஏர் லாக் சமாச்சாரம். டீசல் டேங்க் பின்னால் தாழ்வாக இருக்கிறது, பம்ப் முன்னால் உயரத்தில். நடுவில் எங்கேயோ மயிரிழை அளவு கசிவு. வெளியே ஒரு சொட்டு டீசல்கூட வடியாது, ஆனால் காற்று உள்ளே நுழையும். லைனில் நிற்கும் டீசல் ராத்திரியோடு ராத்திரியாக டேங்குக்கே திரும்பிவிடும். தரை நனையாததால் யாருக்கும் சந்தேகம் வராது. மூக்கு மேடு பார்க்க ஒரு ராத்திரி, பள்ளம் பார்க்க ஒரு ராத்திரி நிறுத்திப் பாருங்கள். மேடு பார்த்து நின்ற காலையில் மட்டும் தகராறு என்றால் கிட்டத்தட்ட உறுதி.

அடுத்து, ஒரு சின்ன கேனில் சுத்தமான டீசலை எடுத்து, பம்புக்கு மேலான உயரத்தில் கட்டி, பம்பின் இன்லெட்டுக்கு நேராக ஒரு கண்ணாடி ட்யூப் கொடுங்கள். பழைய டேங்க், ஃபில்டர், ஹோஸ் எல்லாவற்றையும் தாண்டி டீசல் வருகிறது. ரிட்டர்ன் ஹோஸையும் அந்தக் கேனிலேயே விடலாம். ஏர் எடுத்துவிட்டு அடித்தால் வண்டி உடனே பிடிக்கிறதா? பம்ப் பிழைத்தது. கோளாறு டேங்குக்கும் பம்புக்கும் நடுவில். வழக்கமான திருடர்கள்: வெடித்த ரப்பர் ஹோஸ், தளர்ந்த கிளிப், ஃபில்டர் தலையில் இருக்கும் ஹேண்ட் பம்ப், திரும்பத் திரும்பப் போட்டு நசுங்கிப்போன செப்பு வாஷர். ஏர் எடுக்க நாசில் பைப் நட்டைத் தளர்த்தும்போது விரலை மட்டும் கிட்டே கொண்டுபோக வேண்டாம். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஆஸ்பத்திரி கேஸ் அது.

வெள்ளைப் புகை வண்டிகளில் முதல் சந்தேகம் ஹீட்டர் பிளக். 1988-இல் வந்த டாடாமொபைல் 206 போன்ற பழைய வண்டிகளில், சிலிண்டர் ஹெட்டில் இருக்கும் சிறிய அறையில்தான் டீசல் முதலில் பற்றும். அந்த அறை குளிர்ந்திருந்தால் ஹீட்டர் இல்லாமல் நடக்காது. இணைப்புப் பட்டையைக் கழற்றி, பிளக் ஒவ்வொன்றையும் மீட்டரில் பாருங்கள். நல்லது ஒரு ஓம் அளவிலோ அதற்குக் குறைவாகவோ காட்டும். எரிந்துபோனது எதுவும் காட்டாது. டீசலை நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் டிஐ இன்ஜின்கள் பலவற்றில் ஹீட்டர் பிளக்கே கிடையாது. அங்கே அதைத் தேடிப் பயனில்லை.

சிலர் ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு எரிகிற துணியைக் காட்டுவார்கள், ஈத்தர் ஸ்பிரே அடிப்பார்கள். சூடாக இருக்கும் ஹீட்டர் பிளக்கில் ஈத்தர் பட்டால் பிஸ்டன் மேலே வருவதற்குள் வெடிக்கும். ரிங் உடையும், பிஸ்டனும் உடையும். வண்டி அன்றைக்குக் கிளம்பிவிடும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

விடிகாலையில் மக்கர் செய்யும் வண்டிக்கு நேர்மாறான வண்டியும் உண்டு. காலையில் ஒரே அடியில் பிடிக்கும். மலையேறி, டீக்கடையில் நிறுத்திவிட்டு வந்தால் அசையாது. ரோட்டரி பம்பின் உள்பாகம் தேய்ந்தால் இப்படி ஆகும். சூட்டில் டீசல் இளகி, தேய்ந்த இடைவெளியில் நழுவிவிடுகிறது. ஈரத் துணியை பம்பின் மேல் சுற்றிக் கொஞ்ச நேரம் ஆறவிட்டு அடித்துப் பாருங்கள். பிடித்தால், இப்போதுதான் பம்பைக் கழற்ற நியாயம் இருக்கிறது.

எல்லாம் சரியாக இருந்தும் வெள்ளைப் புகை நிற்கவில்லை, ஆயில் மூடியைத் திறந்தால் பேக் கம்ப்ரஷன் புஸ்ஸென்று அடிக்கிறது என்றால் ரிங் தேய்ந்திருக்கலாம். அப்போதும் கம்ப்ரஷன் டெஸ்டர் வைத்து நான்கு சிலிண்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால், இன்ஜினை இறக்குவதற்கு முன் டேப்பட் இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். இறுகிப்போன டேப்பட்டும் வால்வை முழுதாக மூடவிடாது. ஃபீலர் கேஜும் ஒரு மணி நேரமும் இருந்தால் அது முடிகிற வேலை.