குலவெழுத்து

ஸ்ரெப்ரோகொக்கஸ் என்னும் பற்றீரியாவை ஆராயும் இளம் அறிஞர் ஆய்வரங்கிற் பேச எழுந்தால், பெரும்பாலும் முதலிற் கூறுவது அதன் குலவெழுத்தையே. அவ்வெழுத்துகளை 1933இல் வகுத்தவர், நியூயோர்க் றொக்பெல்லர் நிலையத்தில் உழைத்த றெபேக்கா லான்ஸ்பீல்ட் அம்மையார். நுணுக்குக்காட்டியில் யாவும் ஒரே மணிக்கோவை; கலச்சுவரிலுள்ள காபோவைதரேற்றோ வேறுவேறு. அதனைச் சோதித்தே ஏ, பி, சி எனப் பிரித்தார். எத்துணைப் பொறுமை!

'பி' பசுவின் மடிநோயிற் காணப்பட்டது. பச்சிளங் குழந்தையையும் கொல்லுமென்பது பின்னரே தெளிந்தது. 'ஏ'யோ சிறுவரின் தொண்டையைப் பற்றும். நோவு சில நாளில் நீங்கும், தாயும் மறந்துவிடுவாள். வாரங்கள் சென்றபின் மூட்டு வீங்கும். சிலருக்கு இதய வால்வே பழுதுறும். பெனிசிலினை உரிய காலத்திற் கொடுத்தால் இதைத் தடுக்கலாம். தடுப்பூசியோ இன்னும் வழக்குக்கு வரவில்லை. இளைஞர் அரங்குகளில் விவாதம் நீள்வதும் அவ்விடத்திலேதான்.