கோதுமைக்கு நாள் பார்த்தல்

விதைப்புக்கு நாள் பார்ப்பது நம் நாட்டுக் குடியானவரின் பழைய வழக்கம். பஞ்சாங்கத்தைப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார், ஒரு பிடி மண்ணைக் கையில் எடுத்து ஈரத்தையும் பார்ப்பார். ஆராய்ச்சி நிலையங்களும் நாள் பார்க்கவே சொல்கின்றன. ஆனால் அவை எண்ணச் சொல்வது பயிரின் வயதை. பஞ்சாப், ஹரியானா ஆகிய வடபுலங்களில் விளையும் கோதுமையைக் கொண்டு இதனை விளக்க விரும்புகிறோம்.

முற்காலத்துக் கோதுமை நெட்டையானது. உரத்தை மிகுதியாக இட்டால் கதிரின் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். ஜப்பான் நாட்டு 'நோரின் 10' என்னும் ரகத்தின் குட்டைத் தன்மையைக் கொண்டு, நார்மன் போர்லாக் மெக்சிகோவில் சாயாத ரகங்களை உருவாக்கினார். 1963-இல் அவர் இந்தியா வந்தார். டில்லியில் எம். எஸ். சுவாமிநாதன் முதலிய விஞ்ஞானிகள் அவ்விதைகளை நம் மண்ணில் சோதித்தனர். 1966-இல் 18,000 டன் விதை மெக்சிகோவிலிருந்து தருவிக்கப்பட்டது. 1964-65-இல் ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் டன்னாக இருந்த கோதுமை விளைச்சல், 1967-68-இல் 1 கோடியே 65 இலட்சம் டன்னாக உயர்ந்தது.

இவ்வுயர்வு விதையால் மட்டும் வந்ததன்று. நெட்டைக் கோதுமையை, ஈரத்தை நாடி, ஆழமாக விதைப்பது வழக்கம். குட்டை ரகத்தின் முளையைப் பொதிந்துள்ள உறையும் குட்டையானது; ஆழத்திலிருந்து மண்ணைத் துளைத்து மேலெழும் ஆற்றல் அதற்கு இல்லை. ஆகவே 5 செண்டிமீட்டர் ஆழமே போதும் என்று விஞ்ஞானிகள் கூறினர். தந்தையும் பாட்டனும் ஆழ விதைத்த நிலத்தில் மேலாக விதைப்பதற்கு நம்பிக்கை வேண்டியிருந்தது. முளை சீராக வந்த வயல்களே அந்நம்பிக்கையைத் தந்தன.

அடுத்தது நீர். விதையிலிருந்து முதலில் புறப்படும் வேர்கள் இளம்பயிரைத் தாங்குவன. விதைத்த 20 முதல் 25 நாட்களுக்குள் தண்டின் அடிக்கணுவிலிருந்து நிலையான வேர்கள் கிளம்புகின்றன; தூர் கட்டுவதும் அப்பொழுதே தொடங்குகிறது. அக்கணு தரைமட்டத்துக்கு மிக அருகில் இருப்பதால், மேல்மண் காய்ந்திருந்தால் அவ்வேர்கள் இறங்கமாட்டா. தூர் குறையும், கதிரும் குறையும். பின்னர் எவ்வளவு நீர் பாய்ச்சினும் அவ்விழப்பை முழுதும் ஈடுசெய்ய இயலாது. ஒரே ஒரு பாய்ச்சலுக்குத்தான் நீர் உண்டு என்றால், 21-ஆம் நாளை ஒட்டியே அதைப் பாய்ச்ச வேண்டும். தழைச்சத்து உரத்தில் அடியுரம் போக எஞ்சியதையும் அந்நீரை ஒட்டி இடுதல் நலம்.

விதைப்பு நாளும் அத்தகையதே. அப்பகுதிகளில் நவம்பர் மாதத்தின் முற்பாதி ஏற்ற காலம். நெல் அறுவடை தாமதித்து, கோதுமை விதைப்பு டிசம்பருக்குத் தள்ளிப்போனால், மணி பால் பிடிக்கும் பருவத்தில் வெயில் வந்து தாக்குகிறது. மணி சூம்பிப் போகிறது. 2022 மார்ச்சில் 1901 முதல் கண்டிராத வெப்பம் நாட்டைச் சுட்டதும், விளைச்சல் குன்றியதும், அவ்வாண்டு மே மாதத்தில் கோதுமை ஏற்றுமதி தடை செய்யப்பட்டதும் நேயர்கள் அறிந்தவை. நெல் அறுத்த வயலை உழாமலே விதைக்கும் கருவிகள் சில நாட்களை மீட்டுத் தருகின்றன. அந்தச் சில நாட்கள் அற்பமானவையல்ல.

இங்கு ஒரு நியாயமான கேள்வி எழும். கால்வாய் நீர் முறை வைத்து வருகிறது. பயிரின் வயதை எண்ணியா மதகு திறக்கிறார்கள்? உண்மைதான். எனவே விதைப்பதற்கு முன்பே தம் முறை எந்நாளில் வரும் என்பதைக் குடியானவர் கணக்கிட்டுக்கொள்ளல் வேண்டும். நீரை வழங்குவோரும் பயிரின் வயதை அறிந்திருத்தல் வேண்டும். உழவருக்கு மட்டும் அறிவுரை கூறிவிட்டு, மதகை அதன் போக்கில் விட்டுவிடுவது முறையாகாது.

நல்ல விதைக்கும் உரத்திற்கும் பணம் வேண்டும். நாளை எண்ணுவதற்குப் பணம் வேண்டுவதில்லை. விதைத்த நாளை வீட்டுச் சுவரில் கரியால் எழுதிவைத்தாலே போதும். அந்த ஒரு கோடு, பிற செலவெல்லாம் வீணாகாமல் காக்கும்.