பழைய காரும் புதிய பெட்ரோல் பம்பும்

குறுகிய வாயுள்ள ஒரு பாட்டிலில் புனலை அழுத்தமாகப் பொருத்திவிட்டு எண்ணெய் ஊற்றிப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் சற்றே இறங்கும். பிறகு புனலிலேயே தேங்கி நிற்கும். நாம் பொறுமை இழந்து மேலும் ஊற்றினால், ‘குபுக்’கென்று ஒரு குமிழி எழுந்து எண்ணெயை நம் மீதே வாரி இறைக்கும். இதற்கு நம் வீட்டுப் பெண்மணிகள் கண்ட வழி மிக எளியது. புனலுக்கும் பாட்டிலின் வாய்க்கும் நடுவே ஓர் ஈர்க்கைச் செருகிவிடுவார்கள். உள்ளே அடைபட்ட காற்று வெளியேற வழி கிடைத்ததும் எண்ணெய் தானே இறங்கிவிடும்.

இந்தச் சோதனையை முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டியவன் நான். இருந்தும், நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பெட்ரோல் பங்கில் நின்றபோது அது என் நினைவுக்கு வரவில்லை. அதனால் நேர்ந்ததைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

நெய்வேலியில் சுரங்கம் தோண்டும் வேலை 1957-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து இங்கே பணிக்கு வந்தவர் என் தந்தையார். அவர் கைமாற்றாக வாங்கிய கார் ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று பெயர். இங்கிலாந்து நாட்டு டிரையம்ப் ஹெரால்டின் அமைப்பில், 1961 முதல் சென்னையிலேயே செய்யப்பட்ட வண்டி அது. தந்தையார் காலமான பின் பல ஆண்டுகள் கொட்டகையில் தூசி படிந்து கிடந்தது. நான் ஓய்வு பெற்றதும், பெற்ற தொகையில் ஒரு பகுதியைச் செலவிட்டு அதை ஓடச் செய்தேன். அது வீண் செலவு என்பது என் இல்லத்தரசியின் கருத்து. அதைப் பற்றி இங்கே விவாதிக்கப் போவதில்லை.

பண்ருட்டியில் ஒரு திருமணத்துக்குப் புறப்பட்ட நாளன்று அந்தப் பங்கில் வண்டியை நிறுத்தினேன். இருபது வயதுகூட நிரம்பியிராத ஓர் இளைஞன் வந்து, “ஃபுல் போட்டுடலாமா, சார்?” என்றான். “போடு தம்பி” என்று சொல்லிவிட்டு, நான் இருக்கையை விட்டு இறங்காமலே அமர்ந்திருந்தேன். அவன் நாசிலை முழுவதும் உள்ளே செலுத்தி, பிடியை இறுக்கி அழுத்தினான். இரண்டு மூன்று நொடிகளுக்குள் ‘டக்’கென்று பம்பு நின்றது. மறுபடி அழுத்தினான், மறுபடி நின்றது. மூன்றாம் முறை பெட்ரோல் பீறிட்டு வந்து அவன் கழுத்திலும் கண்ணிமையிலும் தெறித்தது. வண்டியின் புது வர்ணத்திலும் வழிந்தது. கீழே இறங்கிய நான் முதலில் பார்த்தது வர்ணத்தை. முதலில் சொன்ன சொல், “கவனமாகப் போடக் கூடாதா?” என்பது. அவன் ஒன்றும் பேசாமல் குழாயடிக்கு ஓடிக் கண்ணைக் கழுவினான். நல்ல வேளை, கண்ணுக்குத் தீங்கு ஒன்றுமில்லை. ஆனால் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தப் பத்து நிமிடமும் திருமணத்தைப் பற்றியோ வர்ணத்தைப் பற்றியோ எனக்கு எண்ணமே எழவில்லை.

தவறு அவனுடையதன்று என்பது அன்றிரவு யோசித்தபோது தெளிவாயிற்று.

இன்றைய நாசில் தானாக நிற்பது எப்படி? அதன் நுனியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சிறு துளை இருக்கும். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று பிடிக்குள் செல்கிறது. பெட்ரோல் ஒரு குறுகலான வழியே விரைந்து பாயும்போது, அவ்விடத்தில் அழுத்தம் குறைந்து அந்தச் சிறு துளை வழியாகக் காற்றை உறிஞ்சுகிறது. டேங்க் நிரம்பிப் பெட்ரோல் நுனியை மூடிவிட்டால் காற்று வருவது தடைப்படும். உள்ளே வெற்றிடம் மிகுந்து, ஒரு மெல்லிய சவ்வை இழுக்கும். பூட்டு விடுபட்டு அடைப்பு விழுந்துவிடும். இதில் மின்சாரமும் இல்லை, மந்திரமும் இல்லை. குறுகிய வழியில் வேகம் கூடினால் அழுத்தம் குறையும் என்பதை ஆராய்ந்தவர் வெஞ்சூரி என்ற இத்தாலிய அறிஞர். 1746 முதல் 1822 வரை வாழ்ந்தவர். வேடிக்கை என்னவென்றால், என் பழைய காரின் கார்புரேட்டர் வேலை செய்வதும் இதே விதியைக் கொண்டுதான். புதிய பம்பும் பழைய வண்டியும் ஒரே ஆசிரியரிடம் படித்தவை. இருந்தும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை.

காரணம், அந்தப் புனலும் பாட்டிலும்தான். இந்நாளைய கார்களில் பெட்ரோல் இறங்கும் கழுத்தை ஒட்டியே காற்று வெளியேறத் தனிக் குழாய் உண்டு. அதுதான் ஈர்க்கு. அக்காலத்து வண்டிகள் பலவற்றில் மூடியில் உள்ள சிறு துளை ஒன்றே மூச்சுவழி. மூடியைக் கழற்றிவிட்டால் அதுவும் இல்லை. பெட்ரோல் உள்ளே போவதும் காற்று வெளியே வருவதும் ஒரே கழுத்தின் வழியாகத்தான். கார்களுக்கான நாசில் நிமிடத்துக்கு 30, 40 லிட்டர் வேகத்தில் கொட்டக் கூடியது. அந்த வேகத்தைத் தாங்க முடியாத காற்று, நுரையையும் பெட்ரோலையும் தூக்கிக்கொண்டு மேலே வருகிறது. நெய்வேலிக்காரர்களுக்கு இது புரியாததன்று. நம் பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் அடியிலிருக்கும் ஊற்றுநீர் மேல்நோக்கி அழுத்திக்கொண்டே இருப்பதால்தானே அதை இரவும் பகலும் இறைத்துத் தள்ளுகிறார்கள்! வழி விடாவிட்டால் கீழிருப்பது மேலே வரும்.

அந்த நுரை துளையை மூடினால், டேங்க் பாதிகூட நிரம்புமுன்னே பம்பு நின்றுவிடும். இது ஒரு தொல்லை. இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு, அதுதான் அபாயகரமானது. கழுத்து குட்டையாயிருப்பதால் நாசில் அரைகுறையாகச் செருகப்பட்டிருந்தால், பெட்ரோல் வாய் வரை வந்த பிறகே துளை அதை உணரும். அதற்குள் சிந்திவிட்டிருக்கும். ஆகவே பழைய வண்டியில் ‘டக்’ என்ற ஓசையை நம்பிப் பயனில்லை.

இனி, நான் கற்றுக்கொண்ட முறை. என் காரின் டேங்க் சுமார் 30 லிட்டர் கொள்ளும். அதனால் ‘ஃபுல்’ என்ற சொல்லையே விட்டுவிட்டேன். முள்ளைப் பார்த்துக் கணக்கிட்டு, இன்று 15 லிட்டர், இன்று 20 லிட்டர் என்று அளவைச் சொல்கிறேன். இறங்கிப் பக்கத்தில் நிற்கிறேன். நாசிலை முழுவதும் செலுத்தாமல், கழுத்தின் உலோகத்தைத் தொட்டிருக்கும்படி சற்று வெளியே இழுத்துப் பிடிக்கச் சொல்கிறேன். பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தால், தாரை வளைவில் மோதித் திரும்பாமல் சுவரை ஒட்டி வழுக்கி இறங்குகிறது. எந்தக் கோணம் பொருந்தும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். அதை இரண்டொரு முறை பார்த்துத்தான் அறிய வேண்டும். பிடியைப் பாதிக்கு மேல் அழுத்தக் கூடாது. அப்போது காதும் உதவிக்கு வரும். குழாயடியில் குடம் நிறைய நிறைய ஓசை மெலிந்து உயர்கிறதல்லவா? டேங்கும் அவ்விதமே குரல் கொடுக்கும். என் சிறு வயதில் பங்க்காரர்கள் அதைக் கேட்டுத்தான் நிறுத்துவார்கள்.

அளவு முடிந்ததும் உடனே உருவிவிடலாகாது. நாலைந்து நொடி பொறுத்து, உள்ளே சொட்டு வடிந்த பின், நுனியை மேல்நோக்கித் திருப்பி எடுக்க வேண்டும். கீழே ஒரு பருத்தித் துணியைப் பிடித்துக்கொள்வது நல்லது. “ரவுண்டா போட்டுடலாம், சார்” என்பார்கள். சில்லறைக்காகச் சேர்க்கும் அந்தக் கடைசிச் சொட்டுத்தான் பெரும்பாலும் வெளியே வருவது.

நிறைகுடம் தளும்பாது என்பது பழமொழி. பெட்ரோல் டேங்க் விஷயத்தில் அது பொய்க்கும். வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் பெட்ரோல் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். பூமிக்குள் இருக்கும் தொட்டியிலிருந்து வந்த 30 லிட்டர், கத்திரி வெயிலில் நிற்கும் காரில் 15 டிகிரி சூடேறினால், கிட்டத்தட்ட அரை லிட்டர் கூடுதலாகும். விளிம்பு வரை நிரப்பியிருந்தால் அது போக இடம் ஏது? ஹெரால்டில் டேங்க் டிக்கிக்குள்ளேயே இருக்கிறது. கழுத்தைச் சுற்றிய ரப்பர் இற்றுப்போயிருந்தால் வழிவது டிக்கிக்குள்தான். 2023 முதல் நம் நாட்டுப் பங்குகளில் 20 விழுக்காடு எதனால் கலந்த பெட்ரோல் வரத் தொடங்கிற்று. பழங்கால ரப்பருக்கும் தக்கைக்கும் எதனால் ஆகாது. அந்த ரப்பரை நான் மாற்றிவிட்டேன். மற்றவர்களும் ஒருமுறை டிக்கியைத் திறந்து முகர்ந்து பார்ப்பது நலம்.

இவ்வளவு செய்தும் சிந்திவிட்டால், எஞ்சினைக் கிளப்பக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது; மேலே போய்விடாமல் தரையோடு தவழ்ந்து செல்லும். குவித்து வைத்த நிலக்கரி தானாகவே புகைந்து பற்றுவதையும், அதற்குத் தண்ணீர் தெளிப்பதையும் நம் ஊரில் அறியாதவர் இல்லை. பெட்ரோலோ நீரின் மேல் மிதந்து பரவும். அதற்கு நீர் அன்று, மணல்தான் வேண்டும்; பங்கில் தொங்கும் சிவப்பு வாளிகள் அதற்காகவே. மணலைத் தூவி, வண்டியைக் கையால் தள்ளி அப்பால் நிறுத்திய பிறகே சாவியைத் தொட வேண்டும். உடையில் பட்டால் மாற்றிக்கொள்ள வேண்டும். கண்ணில் பட்டால் ஓடும் நீரில் கால் மணி நேரமாவது கழுவி, பின் மருத்துவரைக் காண வேண்டும்.

அடுத்த வாரம் அதே பங்குக்குப் போய் அந்த இளைஞனைக் கண்டு, நான் சொன்ன சொல்லுக்கு வருத்தம் தெரிவித்தேன். டிக்கியைத் திறந்து, டேங்க் இருக்கும் விதத்தையும், காற்றுக்கு வழியில்லாததையும் காட்டினேன். ஒரு கணம் பார்த்துவிட்டு, “கேன்ல ஊத்துற மாதிரி சாய்ச்சு ஊத்தணும், அவ்ளோதானே சார்?” என்றான். என் ஏழாம் வகுப்புப் பாடத்தை ஒரே வரியில் முடித்துவிட்டான். இப்போது என் வண்டி உள்ளே நுழைந்தால், மற்றவர்களை விலக்கிவிட்டு அவனே வருகிறான். “ஜீரோ பாத்துக்குங்க, சார்” என்கிறான். எத்தனை லிட்டர் என்று கேட்கிறான். பிறகு என் தோளில் கிடக்கும் துணிக்காகக் கையை நீட்டுகிறான்.