எந்த மரத்திற்கு எந்த ரம்பம்?

(ஆண்டிபட்டி வட்டாரப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள், விவசாயிகள் ஆகியோரிடையே நிகழ்த்திய உரை)



மரம் அறுக்கும் சங்கிலி ரம்பம் இன்று அபூர்வப் பொருளன்று. பம்புசெட்டுச் சாமான்கள் விற்கும் கடைகளிலேயே அது தொங்குகிறது. இருவர் எதிரெதிரே நின்று அரை நாள் இழுத்து அறுத்த மரத்தை ஒருவர் கால் மணி நேரத்தில் துண்டாக்கிவிடுகிறார். ஆயினும் எதை வாங்குவது என்பதில் நம்மவரிடையே தெளிவு ஏற்பட்டுவிட்டதாகக் கூற இயலாது. "பெரியதாகப் பார்த்து வாங்குங்கள், எல்லாவற்றுக்கும் உதவும்" என்பதே பொதுவாகக் கேட்கும் யோசனை. அது பிழையான யோசனை என்பது நம் கருத்து. அது பணத்தையும் போக்கும். சில வேளை இயக்குகிறவரின் காலையும் போக்கும்.

ரம்பத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் நம் ஊர்களில் அறுக்க வேண்டிய மரங்கள் யாவை என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆண்டிபட்டி மானாவாரிப் பூமி. வைகை அணை 1959இல் இங்கேயே கட்டி முடிக்கப்பட்டது என்றாலும், கணவாயை ஒட்டிய ஊர்கள் இன்றும் மழையையும் கிணற்றையும் நம்பியே வாழ்கின்றன. இங்கு முருங்கையும் வேம்பும் புளியும் மிகுதி. கண்மாய்களில் சீமைக் கருவேலம். வருசநாட்டுப் பக்கம் இலவ மரம். பெரியகுளத்தைச் சுற்றி மாந்தோப்பு. மேற்கே கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் தென்னை. இவற்றுள் ஒன்றன் கட்டை மற்றொன்றன் கட்டையைப் போன்றதன்று.

முதலில் இயந்திரமே வேண்டாத வேலைகளைக் கழித்துவிடுவோம். முருங்கையைக் கவாத்து செய்வதற்குச் சங்கிலி ரம்பம் வாங்குவது கொசுவுக்குக் கோடரி எடுப்பது போன்றது. அதன் கட்டை மென்மையானது. கூரிய அரிவாளோ கைரம்பமோ போதும். மாமரத்தில் விரல் பருமனுள்ள கொப்புகளுக்குக் கவாத்துக் கத்தரிக்கோலும், மணிக்கட்டுப் பருமன் வரை வளைந்த கைரம்பமும் ஏற்றவை. வெட்டு வாய் வழவழப்பாக அமைவதால் காயம் விரைவில் ஆறும். எட்டாத உயரத்துக் கிளைகளுக்கு, நீண்ட கழியின் முனையில் சிறு ரம்பம் பொருத்திய கருவி உண்டு. தரையில் நின்றபடியே அறுக்கலாம். ஏணியில் நின்றுகொண்டு சங்கிலி ரம்பத்தை இயக்குவது எக்காரணம் கொண்டும் கூடாது. ஒரு கையால் பிடிக்கும்படி மேற்பிடி வைத்த சிறு இயந்திரங்கள் கடையில் கண்ணைக் கவரும். அவை கயிறு கட்டி மரமேறும் பயிற்சி பெற்றவர்களுக்காகச் செய்யப்பட்டவை. தோட்டத்து வேலைக்கு உரியவை அல்ல.

இனி இயந்திரம் வேண்டிய வேலைகள். இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. மரத்தின் அடிப்பகுதியை நூலால் சுற்றி அளந்து, அச்சுற்றளவை மூன்றால் வகுத்தால் ஏறத்தாழக் குறுக்களவு கிடைக்கும். சங்கிலி ஓடும் பட்டை (கடைக்காரர் பிளேடு என்று சொல்வது) அக்குறுக்களவைவிட 2 அங்குலம் நீளமாக இருந்தால் வேலை சுலபம். மூன்றடிச் சுற்றளவுள்ள தென்னைக்குக் குறுக்களவு 12 அங்குலம். 14 அங்குலப் பட்டை போதும். 16 அங்குலம் இருந்தால் அடிமரம் பருத்த தென்னைக்கும் ஆகும். நம் வட்டாரத்தில் ஒரு விவசாயி ஆண்டு முழுவதும் அறுக்கும் மரங்களில் பெரும்பகுதி இந்த அளவுக்குள் அடங்கிவிடும். இதற்கு 40 முதல் 50 சி.சி. வரையுள்ள இயந்திரம் பொருத்தமானது. விறகு நறுக்கவும் வேலிக்கால் அறுக்கவும் மட்டுமே என்றால் 35 சி.சி.யும் 14 அங்குலமும் போதும்.

தென்னையைப் பற்றித் தனியே ஒரு சொல். கம்பம் பள்ளத்தாக்கில் கேரள வாடல் நோய் கண்ட மரங்களுள் மிகவும் நலிந்தவற்றை வெட்டி அகற்றும்படி வேளாண்மைத் துறையினர் அறிவுறுத்துகின்றனர். ஆகவே தென்னை அறுக்கும் வேலை அங்குக் குறையாமல் வந்துகொண்டே இருக்கிறது. தென்னை மற்ற மரங்களைப் போன்றதன்று. அதற்கு ஆண்டு வளையமும் இல்லை, வைரமும் இல்லை. வெளிச்சுற்று இரும்புபோல் இறுகியும் உள்ளே மென்மையாயும் நார்க்கற்றைகள் நெருங்கியும் இருக்கும். அந்த நார் சங்கிலியின் பற்களை வெகு சீக்கிரம் மழுக்கிவிடும். எனவே தென்னை அறுப்பவருக்குப் பெரிய இயந்திரத்தைவிட இரண்டாவது சங்கிலியே முக்கியம். மழுங்கிய சங்கிலியை மாற்றிவிட்டு வேலையைத் தொடரலாம். வீட்டிற்குத் திரும்பியபின் அரம் போட்டுக்கொள்ளலாம்.

ஒன்பதடிச் சுற்றளவுள்ள சாலையோரப் புளிய மரம் வேறு செய்தி. அதன் குறுக்களவு மூன்றடி. வைரம் பாய்ந்த புளி மிகக் கடினமானது. இரு பக்கமிருந்தும் அறுத்தால் 20 அங்குலப் பட்டையே எட்டிவிடும். எனினும் இயந்திரம் 60 முதல் 70 சி.சி. வரை வலுவுள்ளதாக இருத்தல் வேண்டும். இத்தகைய மரம் ஒரு பஞ்சாயத்தில் ஆண்டுக்கு எத்தனை விழும்? ஒன்றோ இரண்டோ. அதற்காக அதிக விலை கொடுத்துக் கனத்த இயந்திரம் வாங்கி, ஆண்டின் மற்ற நாட்களில் அதைச் சுமந்து விறகு நறுக்குவதில் சிக்கனமும் இல்லை, புத்திசாலித்தனமும் இல்லை. பெருமரம் அறுப்பதையே தொழிலாகக் கொண்டவர்களை அன்றைக்கு மட்டும் கூலிக்கு அமர்த்துவதே சரி. இலவ மரம் பருத்துத் தோன்றினாலும் கட்டை மென்மையானது; நடுத்தர இயந்திரமே அதை அறுத்துவிடும்.

குறைந்த விலையில் 22 அங்குலப் பட்டையுடன் 58 சி.சி. என்று எழுதி விற்கப்படும் இயந்திரங்களை யாவரும் கண்டிருப்பீர்கள். நீண்ட பட்டை மதிப்பாகத் தோன்றுகிறது. ஆனால் பட்டை நீள நீள, இயந்திரம் இழுக்க வேண்டிய சங்கிலியும் கூடுகிறது. வலுக் குறைந்தால் சங்கிலி கட்டையில் திணறும், இயக்குபவர் அழுத்துவார், இயந்திரம் சூடேறும். அதனினும் பெரிய ஆபத்து, நீண்ட பட்டையின் முனை எங்கே இருக்கிறது என்று இயக்குபவருக்குத் தெரியாமற் போவது. முனையின் மேற்பாதி ஒரு கட்டையிலோ கிளையிலோ பட்டுவிட்டால், இயந்திரம் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எகிறும். சங்கிலி வினாடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் வேகத்தில் ஓடுவது. கை தடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். முன்பிடிக்கு எதிரேயுள்ள காப்பைத் தள்ளினால் சங்கிலி சட்டென நிற்க வேண்டும். இதுவே செயின் பிரேக். கடையிலேயே இயக்கச் சொல்லி இதைச் சோதித்துப் பாருங்கள். நிற்காத இயந்திரத்தை இனாமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

மின்சாரத்தில் ஓடும் ரம்பங்களும் உள்ளன. வீட்டருகே விறகுக் குவியல் அறுப்பவருக்கும் தச்சுப் பட்டறைக்கும் அவை நல்லவை. புகையில்லை, எண்ணெய் கலக்கும் தொல்லையில்லை. கம்பி எட்டாத தோட்டத்துக்கும் ஈரத் தரைக்கும் அவை ஆகா. பாட்டரியில் ஓடுபவை கவாத்துக்கு ஏற்றவை. நாள் முழுதும் மரம் அறுப்பதென்றால் மாற்றுப் பாட்டரிகள் பல வேண்டும், விலையும் ஏறிவிடும்.

சங்கிலியின் பல் பற்றி ஒரு சுவையான செய்தி. அமெரிக்காவில் ஜோசப் காக்ஸ் என்ற மரம் வெட்டுபவர், 1946இல் ஓர் அடிக்கட்டையை ஒரு வண்டின் புழு இடமும் வலமுமாகக் கடித்துக் குடைந்து செல்வதைக் கவனித்தார். அப்புழுவின் தாடையைப் பார்த்து அவர் அமைத்த வளைந்த பல்லே, சிற்சில மாற்றங்களுடன், இன்றைய சங்கிலிகளில் இருப்பது. அப்பல்லிலும் இரு வகை உண்டு. மூலை கூராக நிமிர்ந்த பல், சுத்தமான பச்சை மரத்தை வேகமாக அறுக்கும். மண் பட்டால் உடனே மழுங்கும். மூலை சற்று உருண்ட பல் கொஞ்சம் மெதுவாக அறுத்தாலும் புழுதி படிந்த காய்ந்த மரத்தில் நின்று உழைக்கும். நம் புழுதிக்காட்டுக்கு இரண்டாவதே தக்கது. அரமும் சங்கிலிக்குச் சங்கிலி வேறுபடும்: சிறிய இயந்திரச் சங்கிலிக்கு 4 மில்லிமீட்டர் உருண்டை அரம், நடுத்தரத்துக்குப் பெரும்பாலும் 4.8. வாங்கும்போதே கேட்டு உடன் வாங்கிவிட வேண்டும். அறுக்கும்போது சீவல் சீவலாக விழுந்தால் பல் கூராக உள்ளது. மாவாக விழுந்தால் நிறுத்தி அரம் போடுங்கள்.

விலையைக் கணக்கிடும்போது தலைக்கவசம், கண் காப்பு, காது அடைப்பான், காலுறை போன்ற தொடைக் காப்பு ஆகியவற்றின் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். தொடைக் காப்பினுள் இருக்கும் நீண்ட இழைகள் சங்கிலியில் சுற்றிக்கொண்டு அதை நிறுத்திவிடும். லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வெறுங்காலுடன் இயக்குபவரைப் பார்க்கும்போது நமக்கு நெஞ்சு பதறுகிறது. பஞ்சாயத்துப் பணத்தில் இயந்திரம் வாங்கி, கூலியாளின் காலைக் காப்பதற்கு மட்டும் பணமில்லை என்று சொல்வது நியாயமாகாது.

எரிபொருள் விஷயம் சுருக்கமானது. பெட்ரோலில் 2டி எண்ணெய் கலக்க வேண்டும். அளவு இயந்திரத்தின் புத்தகத்தில் உள்ளபடி. ஐம்பதுக்கு ஒன்று என்றால் லிட்டருக்கு 20 மில்லி, நாற்பதுக்கு ஒன்று என்றால் 25 மில்லி. இக்காலத்துப் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அது ஈரத்தை ஈர்க்கும். கலந்த எண்ணெயை மாதக்கணக்கில் தொட்டியில் விட்டுவைக்கலாகாது. சங்கிலிக்குத் தனி எண்ணெய்த் தொட்டி உண்டு. அதில் பழைய டிராக்டர் எண்ணெயை ஊற்றுவது பொய்ச் சிக்கனம்.

புயலில் சாய்ந்த மரங்களை அறுப்பது எல்லாவற்றிலும் அபாயமான வேலை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபோது, தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் இலட்சக்கணக்கில் விழுந்த தென்னைகளை அறுத்து அகற்றுவதே பெரும் பாடாயிற்று. ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சாய்ந்த மரம் வில்போல் வளைந்து நிற்கும். அறுத்ததும் தெறிக்கும், அல்லது பட்டையைக் கவ்விக்கொள்ளும். அவ்வேலைக்குக் கனமில்லாத நடுத்தர இயந்திரமும், வெட்டு வாயில் செருக மர ஆப்புகளும் வேண்டும். ஆப்பசைத்த குரங்கின் கதை நாம் அறியாததன்று. கவ்விய கட்டையில் கையை நுழைக்காதிருப்பதற்கே ஆப்பு.

எந்த ரம்பத்தை எடுப்பதற்கு முன்னும் மரம் யாருடையது என்று பார்க்க வேண்டும். சாலையோர மரமும் கண்மாய்க் கரை மரமும் பஞ்சாயத்து எல்லைக்குள் இருப்பதாலேயே வெட்டத்தக்கவை ஆகிவிடா. பொது இடத்து மரங்களை வெட்டும் விண்ணப்பங்களைப் பரிசீலிக்க 2021இல் மாவட்ட ஆட்சியர் தலைமையில் பசுமைக் குழுக்கள் அமைக்கப்பட்டன. மலைப்பகுதி என அறிவிக்கப்பட்ட ஊர்களில் 1955ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் பட்டா நிலத்து மரங்களுக்கும் செல்லும். சந்தன மரத்திற்கு வனத்துறை அனுமதி வேண்டும். திருவில்லிபுத்தூர்–மேகமலை 2021இல் புலிகள் காப்பகமாயிற்று. வருசநாட்டு அன்பர்கள் ரம்பத்துடன் அவ்வெல்லைக்குள் செல்லாதிருப்பது நலம்.

சீமைக் கருவேலம்தான் நம் பஞ்சாயத்துகளின் முதற் கவலை. 1877ஆம் ஆண்டளவில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இம்மரத்தை அகற்றும் பொருட்டு 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணைகள் பிறப்பித்ததும், 2022இல் தமிழக அரசு அந்நியக் களைத் தாவரங்களுக்கென ஒரு கொள்கை வெளியிட்டதும் நீங்கள் அறிந்தவை. இதற்கென்றே சங்கிலி ரம்பம் வாங்க எண்ணும் பஞ்சாயத்துகளுக்கு ஒன்று சொல்வோம். ரம்பத்தால் இம்மரம் அழியாது. தரைக்கு மேலே அறுத்தால் அடிக்கட்டையின் கழுத்திலுள்ள மொட்டுகள் விழித்து, ஒன்றுக்குப் பத்தாகத் தளிர்த்துவிடும். தரையோடு ஒட்ட அறுக்கப் போனாலோ மண்ணும் கல்லும் பட்டுச் சங்கிலி ஒரு நாளில் பாழாகும். ஆகவே ரம்பத்தைக் கொண்டு மேல்மரத்தை மட்டும் அறுத்து விறகாக்கி, மூன்று நான்கு அடி உயரத்திற்குக் கட்டையை விட்டுவையுங்கள். மண் தோண்டும் இயந்திரம் அக்கட்டையைப் பற்றி வேரோடு பெயர்ப்பதற்கு அது பிடியாக உதவும். இவ்வியந்திரத்தை வேளாண்மைப் பொறியியல் துறையே வாடகைக்கு விடுகிறது. சிறு மரங்களுக்குக் கடப்பாரையும் மண்வெட்டியும் போதும். ஆனால் ஓரடி ஆழத்துக்குக் குறையாமல் தோண்டி, வேரின் கழுத்தை எடுத்துவிட வேண்டும். பிறகு வரும் முதல் மழையில் கண்மாய் முழுதும் விதை முளைக்கும். அந்த நாற்றுகள் சாண் உயரம் வளர்வதற்குள், மண் ஈரமாக இருக்கும்போதே, ஆட்களை விட்டுக் கையால் பிடுங்கிவிடலாம்.