முதற்பெண்ணின் பெயர்

ஸ்ரீரங்கப்பட்டணம் செல்லும் தமிழர்களாகிய நாம் அரங்கநாதரைச் சேவிக்கிறோம். திப்புவின் கோட்டையைச் சுற்றிப் பார்க்கிறோம். அருகே கஞ்சாமில் உள்ள மாதா கோவிலை விசாரித்துச் செல்வோர் சிலரே. 1799-இல் கோட்டை வீழ்ந்தபின், சிதறிக் கிடந்த கிறிஸ்தவர்களை ஒன்றுசேர்க்க இப்பகுதிக்கு வந்தவர் அபே துபுவா என்னும் பிரெஞ்சுப் பாதிரியார். விவிலியத்தை இந்நாட்டு மொழிகளில் பெயர்ப்பதால் பயன் விளையாது என்று 1823-இல் லண்டனில் வெளியான தம் கடிதங்களில் அவர் வாதாடினார். அவ்வாதம் முழுவதும் நமக்கு உடன்பாடன்று. எனினும் ஒரு பெயரைப் பெயர்ப்பதிலேயே எத்துணை இடர் உண்டு என்பதற்கு முதற்பெண்ணின் பெயர் நல்ல சான்று.

எபிரேய மூலத்தில் அவள் ஹவ்வா. 'உயிர்' எனப் பொருள்படும் சொல்லோடு அப்பெயர் ஒலியால் இயைகிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பாளர் ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தில் ஒலியைக் கைவிட்டுப் பொருளைக் காத்து, 'உயிர்' என்னும் தம் சொல்லையே பெயராக வைத்தனர். கன்னட விவிலியம் ஹவ்வ என்கிறது. தமிழ் முஸ்லிம்கள் ஹவ்வா என்பர். தமிழ்க் கிறிஸ்தவர் வழக்கிலோ ஏவாள். சாராள், மரியாள் போலப் பெண்பாலீறு பெற்ற வடிவம் அது. மைசூர்ச் சீமையில் வளரும் நம் பிள்ளைகள் வீட்டில் ஒன்றும் வெளியே ஒன்றுமாகக் கேட்பது ஒருத்தியின் பெயரையே.

ஒலி எதுவாயினும், பெயரிட்டவன் ஆதாம். விலங்குகளுக்குப் பெயரிட்டவன் மனைவிக்கும் இட்டான், பெயரிடுவோன் ஆள்வோன், ஆகவே பெண் ஆணுக்கு அடங்கியவள் என்று நெடுங்காலமாகப் பலர் உரை செய்தனர். எத்தனை குடும்பங்களில் இவ்வுரை சட்டமாக நின்றதோ! 1978-இல் அமெரிக்க அறிஞர் பில்லிஸ் டிரிபிள் இதை மறுத்தார். முதன்முதல் அவளைக் கண்டு ஆதாம் மொழிந்தது மகிழ்ச்சியுரை. அங்கே பெயர்சூட்டும் வாய்பாடு இல்லை. ஏவாள் என்று அவன் பெயரிட்டது பாவம் புகுந்த பின்னரே. ஆதலின் அவ்வாட்சி படைப்பின் ஒழுங்கன்று என்பது அவர் துணிபு. வேறு சிலர் ஆகாரைச் சுட்டுவர். அடிமைப்பெண்ணாகிய அவள் பாலைவனத்தில் இறைவனுக்கே பெயரிட்டாள். அதனால் இறைவனை ஆண்டாள் என்போமா?

லூத்தர் கண்ட பொருள் நம் மனத்துக்கு இன்னும் நெருங்கியது. மண்ணுக்குத் திரும்புவாய் என்ற தீர்ப்பைக் கேட்ட மறுகணமே, உயிருள்ளோர்க்கெல்லாம் தாய் என்று மனைவியை அழைக்கிறான் ஒருவன். சாவின் வாயிலில் நின்று வாழ்வின் பெயரைச் சூட்டியது வாக்குறுதியின்மேல் அவன் வைத்த நம்பிக்கை என்றார் லூத்தர்.

நான்காம் நூற்றாண்டில் எப்பிபானியு, அப்பட்டம் மெய்யாகப் பொருந்துவது மரியாளுக்கே என்றார். லத்தீன் புலவர்கள் ஒரு படி மேலே சென்றனர். 'ஏவா' என்பதை எழுத்து மாற்றித் திருப்பினால் 'ஆவே' ஆகும். அது வானதூதர் மரியாளுக்குச் சொன்ன வாழ்த்து. தமிழில் ஏவாளை எப்படித் திருப்பினாலும் அந்த நயம் வாராது. துபுவாவிடம் இதைச் சொன்னால், தம் கட்சிக்கு மற்றொரு சான்று என்று குறித்துக்கொண்டிருப்பார்.