சட்ட மசோதாக்களும் நம் குடும்பங்களும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரை)

 

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், பால்குடி மறந்த குழந்தைகளுக்கே பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை என்னும் விதி இருந்தது. ஓரிரவு மதீனாவில் வணிகக் கூட்டத்தார் தங்கியிருந்த இடத்தில் காவல் புரிந்த அன்னார், ஒரு குழந்தை ஓயாது அழுவதைக் கேட்டார்கள். தாயிடம் வினவினார்கள். கேட்பவர் கலீஃபா என்றறியாத அப்பெண், உதவித்தொகைக்காகவே குழந்தைக்கு முன்கூட்டியே பால் மறக்கடிப்பதாகக் கூறினாள். அன்றைய ஃபஜ்ருத் தொழுகையில், அழுகையின் மிகுதியால் அன்னாரின் ஓதல் மக்களுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் உதவித்தொகை உண்டு என உடனே அறிவிக்கச் செய்தார்கள். அவ்விதியில் தீய நோக்கம் ஏதுமில்லை. ஆயினும் அது வீட்டினுள் புகுந்து என்ன செய்தது என்பதை ஒரு தாய் சொல்லித்தான் ஆட்சியாளர் அறிந்தார்கள்.

நம் நாட்டிற்கு வருவோம். ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் செல்லாது என 2017 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு டிசம்பர் 28 அன்று மக்களவையில் வந்த மசோதா அன்றே அங்கு நிறைவேறியது. மூன்றாண்டு வரை சிறை, பிணையில் விட இயலாக் குற்றம் என்றது அது. மனைவி மக்களுக்குக் கணவனே ஜீவனத்தொகை தரவேண்டும் என்றும் அதே மசோதா கூறிற்று. சிறையிலிருப்பவன் எதைக்கொண்டு தருவான்? இக்கேள்வியைப் பலர் எழுப்பினர். 2019 ஜூலையில் நிறைவேறிய இறுதிச் சட்டத்தில் சில மாற்றங்கள் இருந்தன. மனைவியோ அவளுடைய இரத்த உறவினரோ மணவழி உறவினரோ மட்டுமே புகார் தரலாம். அவள் கூற்றைக் கேட்டபின் மாஜிஸ்திரேட் பிணை வழங்கலாம். அவள் விரும்பினால் அவர் அனுமதியோடு சமரசமும் செய்யலாம். மூன்றாண்டுச் சிறை மட்டும் அப்படியே நின்றது.

இதில் நாமும் குற்றமற்றவர் அல்லர். மூன்றையும் ஒருசேரச் சொல்வது வெறுக்கத்தக்கது என்று மிம்பரில் பேசினோம். சொல்லிவிட்டு வந்தவனின் கடிதத்தை வாங்கித் தஃப்தரில் பதிந்தும் கொண்டோம். மசோதாவை எதிர்த்துக் கையொப்பம் திரட்டியபோது, பெண்களின் படிவங்களையும் ஆண்களாகிய நாமே வாங்கி வந்தோம். என்ன நினைக்கிறீர்கள் என்று ஒருவரையும் கேட்டோமில்லை. பின்னொரு நாள் ஜமாஅத் அலுவலகத்திற்கு வந்த ஒரு சகோதரி, சட்டம் சரியா தவறா என்று வாதிடவில்லை. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை யார் கட்டுவது என்றே கேட்டார். நம்மிடம் பதில் இல்லை.

பெண்ணின் மணவயதை 21 ஆக்கும் மசோதா 2021 டிசம்பரில் வந்து, நிலைக்குழுவிற்குச் சென்று, 2024இல் 17ஆவது மக்களவை கலைந்ததும் காலாவதியாயிற்று. அப்போதும் இம்மன்றத்தில் ஆண்களே பேசினோம். கல்லூரியில் படிக்கும் மகளையும், வெளிநாட்டில் கணவன் இருக்க இங்கே தனியே வரன் தேடும் தாயையும் கேட்டிருந்தால் வேறு செய்தி கிடைத்திருக்கும்.

ஆதலால் நிர்வாகத்திடம் ஒன்று வேண்டுகிறோம். இனி இத்தகைய மசோதா வருமாயின், தீர்மானம் எழுதுமுன் அதன் தமிழாக்கம் பெண்கள் மதரஸாவில் அஸருக்குப் பின் வாசிக்கப்படட்டும். வாசிப்பதையும் அவர்கள் கூறுவதைக் குறிப்பதையும் அங்குள்ள ஆலிமாக்களே செய்யட்டும். அந்தக் குறிப்பு கைக்கு வந்தபின் நாம் கூடுவோம்.