ஒரு வழியில் இரு கமராக்கள்



பயர்வயர் என்னும் இணைப்பைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகின்றோம். இளைஞர் பலர் அதனைக் கண்டிரார். பெரியோர் வீட்டு அலுமாரிகளிலோ, அதன் துணைகொண்டே பழுதின்றிப் பிரதிசெய்யத்தக்க சிறிய டிஜிற்றல் வீடியோ நாடாக்கள் இன்னும் கிடக்கின்றன.

அப்பிள் கம்பனியார் தொடக்கிய இவ்விணைப்பு 1995இல் ஐ.ஈ.ஈ.ஈ. 1394 என்னும் நியமமாயிற்று. சோனி கம்பனியார் அதனை ஐ-லிங்க் என்றனர். செக்கனுக்கு 400 மெகாபிற் செல்லும். ஒரு தொடுப்பில் 63 கருவிகள் வரை இருக்கலாம். ஒரு கமராவின் படமும் ஒலியும் ஏறக்குறைய 29 மெகாபிற் அளவே. அவ்வாறாயின் இரண்டு கமராக்களுக்கு இடம் போதாதா?

நாமும் அப்படித்தான் எண்ணினோம். ஒரு பெட்டி நாடாக்களை விரைவில் முடிக்கக் கருதி, கம்பியூட்டர் அட்டையின் இரு வாய்களில் இரு கமராக்களைச் செருகினோம். முதலாவதின் படம் நன்றாக வந்தது; இரண்டாவதை ஓடவிட்டதும் எல்லாம் குழம்பிற்று. வடத்தை மாற்றினோம், அட்டை விற்றவரையும் நொந்துகொண்டோம். பாவம், அவர்மேற் குற்றமில்லை.

காரணம் இதுதான். கமராக்கள் பல, 63ஆம் இலக்க வழியிலேயே படத்தை அனுப்பும் பழக்கமுடையவை. (கருவிகளின் தொகையான 63 வேறு, இது வேறு.) இடம் எவ்வளவு இருந்தாலென்ன, வகுப்பில் இருவர் ஒருங்கே உரக்கப் பேசினால் ஆசிரியர் எவருக்குச் செவிசாய்ப்பார்? வேறு வழியில் அனுப்புமாறு மென்பொருள் பணிக்கலாம். எல்லாக் கமராக்களும் பணிவதில்லை. அட்டையில் மூன்று வாய்கள் இருப்பினும் அவை பொதுவாக ஒரே தொடுப்பின் கிளைகளே என்பதையும் அன்றுதான் அறிந்தோம். இரண்டாவது அட்டையொன்றைப் பூட்டி, கமராவுக்கொன்றாகக் கொடுத்தோம். தொல்லை தீர்ந்தது.

இன்னுமொன்று. பதிவு நடக்கையில் அதே தொடுப்பில் வேறெதனையும் செருகவோ பிடுங்கவோ வேண்டாம். அக்கணமே தொடுப்பு முழுவதும் கருவிகளுக்குப் புதிதாக இலக்கமிடும். இடையில் சில படங்கள் தவறக்கூடும்.

2025இல் வெளியான மக்ஓஎஸ் 26 பயர்வயரை அடியோடு கைவிட்டது. நாடா ஓடும் கமராக்களும் ஒவ்வொன்றாகப் பழுதாகின்றன. ஒரு மணி நேர நாடாவுக்கு ஒரு மணி நேரமும் 13 ஜிகாபைற் இடமும் வேண்டும். எமது பழைய கம்பியூட்டரில் இரண்டு அட்டைகளும் இன்னும் வேலை செய்கின்றன. நாடா வைத்திருப்போர், பெயரெழுதி, இந்த விடுமுறைக்குள்ளேயே எம்மிடம் தருவார்களாக.